ஐந்து வோல்ட் ஒயர்

அந்த வெள்ளைக் கார் ஒன்றரை மாதத்தில் மூன்றாவது தடவையாகப் பட்டறைக்குள் நுழைந்தபோது வயரிங்காரருக்கு எழுந்து நிற்கவே மனம் வரவில்லை. காலையிலிருந்து நான்கு வண்டிகளின் அடியில் படுத்து எழுந்திருந்தார். முழங்கால் இரண்டும் தனித்தனியாக வலித்தன. காரின் சொந்தக்காரர் ஒரு நர்ஸ். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர். அவர் சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "மறுபடியும் நின்னுபோச்சுண்ணே," என்று மட்டும் சொன்னார்.

வண்டிக்குப் பதினேழு வயது. முதல் தடவை ஸ்கேனரைச் செருகியபோது, ஆக்சிலரேட்டர் மிதிப்பதைக் கவனிக்கும் சென்சாரில் கோளாறு என்று திரையில் வந்தது. அதை மாற்றினார். ஐந்து வாரம் கழித்து அதோடு காற்றழுத்த சென்சாரும் சேர்ந்து வந்தது. அதையும் மாற்றினார். இரண்டு தடவையும் பயமில்லாமல் ஓட்டலாம் என்று வாயாரச் சொல்லித்தான் அனுப்பினார். இன்றைக்கு ஏசி சென்சாரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு, மூன்று கோளாறு எண்கள் வரிசையாக நின்றன.

பட்டறை முதலாளி அவருடைய மனைவியின் அண்ணன். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, அந்த எண்களை அழித்து, மூன்றாவது சென்சாரையும் மாற்றிவிட்டால் தீர்ந்தது என்றார். வெளியே இன்னும் ஐந்து வண்டிகள் நின்றன.

வயரிங்காரர் ஸ்கேனரைக் கழற்றி வைத்தார். நன்றாக இருந்த மூன்று சென்சார்கள் பேசி வைத்துக்கொண்டு சாகாது. மூன்றுக்கும் மின்சாரம் ஒரே ஒயரில், ஐந்து வோல்ட்டாக வருகிறது. அந்த ஒயர் எங்கேயோ இரும்பில் உரசினால் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிடும். இது அவருக்குப் பாலபாடம். ஆனால் முதல் நாளே அதை யோசிக்கவில்லை. திரை ஒரு பெயரைச் சொன்னது, அவர் அந்தப் பெயரைக் கழற்றி மாட்டினார், அவ்வளவுதான்.

இன்ஜினை ஓடவிட்டு ஒயர்களை அசைத்துப் பார்த்தார். வண்டி பச்சைப்பிள்ளை போல ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அரை மணி நேரம் ஓடியும் நிற்கவில்லை. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னும் நான்கு வீடு பாக்கி இருப்பதாகவும், வண்டியை விட்டுவிட்டுப் போக முடியாது என்றும் மெதுவாகச் சொன்னார்.

"அப்ப நானும் வர்றேன் சிஸ்டர்," என்றார் வயரிங்காரர். "ரோட்ல நிக்கும்போது பார்த்தாத்தான் தெரியும்."

மச்சான் முகத்தைச் சுளித்தார். "ஏன் மாப்ள, இனிமே வண்டிக்கு வண்டி கூடவே போய் வீட்ல விட்டுட்டு வர்றதா உத்தேசமா?"

வயரிங்காரர் சென்சார் பிளக்கில் ஒரு நீள ஒயரைக் கோத்து, பானட் இடுக்கு வழியாக ஜன்னலுக்குள் இழுத்து, மீட்டரில் மாட்டினார். மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். 5.02 என்று காட்டியது. பின் சீட்டில் பஞ்சு, கட்டுத்துணி, கையுறைப் பெட்டிகள் இருந்தன. வண்டிக்குள் ஆஸ்பத்திரி வாசனை.

முதல் வீட்டில் புண்ணுக்குக் கட்டு மாற்றும் வேலை. அவர் காரிலேயே காத்திருந்து, மீட்டரைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். இரண்டாவது வீட்டுக்கு நர்ஸ் நான்கு மாடி ஏறி இறங்கினார். திரும்பி வந்து ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்து, பத்து எண்ணும் நேரம் அப்படியே இருந்துவிட்டு வண்டியை எடுத்தார். மீட்டர் 5.02-லிருந்து அசையவில்லை.

மூன்றாவது வீட்டில் ஒரு பெண் வெளியே வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். தன் அம்மா உள்ளே படுக்கையில் இருக்கிறார், சிஸ்டர் குளிப்பாட்டிவிட நேரமாகும் என்றார். மடியிலிருந்த மீட்டரைப் பார்த்துவிட்டு, வண்டி சரியாகிவிட்டதா என்று கேட்டார். இன்னும் தேடிக்கொண்டிருப்பதாக வயரிங்காரர் சொன்னார்.

"சீக்கிரம் பார்த்துக் குடுங்க. எங்கப்பா போன அன்னைக்கு இது பாலத்துக்கிட்ட நின்னுபோச்சு. வலி ஊசி சிஸ்டர்கிட்டதான் இருந்துச்சு. அவங்க பையத் தூக்கிட்டு நடந்தே வந்தாங்க. வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

அந்தப் பெண்ணின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. எப்படியும் அன்றைக்கோ மறுநாளோ போகவேண்டிய உயிர்தான் என்று அவரே சொன்னார். "கடைசி ஒரு மணி நேரம்தான் ரொம்பக் கஷ்டப்பட்டுட்டார்," என்று மட்டும் சேர்த்துக்கொண்டு, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அது எந்த நாள் என்று வயரிங்காரர் அவரிடம் கேட்டிருந்தார். மனதுக்குள் கணக்குப் போட்டார். காற்றழுத்த சென்சாரை மாற்றி, பயமில்லாமல் ஓட்டலாம் என்று அனுப்பிய நான்காம் நாள்.

நர்ஸ் வந்து வண்டியை எடுத்தார். நான்காவது வீட்டுக்குப் போக மேட்டில் ஏறி இடப்பக்கம் திரும்பவேண்டும். கியரை மாற்றி மிதித்தபோது மீட்டரில் ஐந்து, இரண்டு, பூஜ்யம் என்று எண் சரிந்தது. வண்டி இரண்டு தடவை உதறிவிட்டு நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஹாரன்கள் கத்தத் தொடங்கின.

வயரிங்காரர் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தி பானட்டைத் திறந்தார். எண் பழையபடி ஐந்துக்கு வந்திருந்தது. ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை விடாமல், முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விடச் சொன்னார். இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தது. அதைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தது. இன்ஜின் எழும்போதெல்லாம், பின்னால் ஓடும் ஒயர்க்கட்டு ஒரு இரும்புத் தாங்கியில் போய் நசுங்கியது. மேலுறையைப் பிரித்தால், ஒரே ஒரு ஒயரில் தோல் தேய்ந்து, அரிசி அளவுக்குச் செம்பு பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் அவர் இரண்டு சென்சாரையும் மாற்றியிருந்தார்.

நர்ஸ் நான்காவது வீட்டுக்குப் போன் செய்து தாமதமாகும் என்றார். வயரிங்காரர் தேய்ந்த இடத்தை வெட்டி, புது ஒயர் கோத்து, டேப் சுற்றி, இரும்பிலிருந்து நகர்த்திக் கட்டினார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நின்றவருக்கு, சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

"சிஸ்டர், அந்த சென்சார் ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் ஒயரைப் பார்க்காம விட்டுட்டேன். அந்தப் பெரியவர் விஷயம் இப்பத்தான் கேள்விப்பட்டேன்."

நர்ஸ் வண்டியில் சாய்ந்து நின்றார்.

"அன்னைக்கு நடந்து போகும்போது உங்களை மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் போனேன். அப்புறம் திட்டக்கூட முடியலண்ணே. மூச்சு வாங்கிச்சு." பானட்டுக்குள் எட்டிப் பார்த்து, "இப்ப சரியாயிருச்சா? உண்மையச் சொல்லுங்க," என்றார்.

"ஒயர் சரி. ரப்பர் போயிருக்கு, நாளைக்கு மாத்தியாகணும். அதுவரைக்கும் தாங்கும்."

"அது போதும்."

நான்காவது வீடும் மாடியில்தான். நர்ஸ் இரண்டு பைகளையும் எடுத்தபோது, வயரிங்காரர் தானாகவே ஒன்றை வாங்கிக்கொண்டார். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் முனகியது. பையைக் கதவருகே கொடுத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே யாரோ ஒரு கிழவர் ஏன் இவ்வளவு நேரம் என்று கோபித்துக்கொள்வதும், நர்ஸ் மன்னிப்புக் கேட்பதும் கேட்டது.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் ரப்பரை மாற்றினார். நர்ஸ் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தபோது திரையில் ஒன்றும் இல்லை. எந்த சென்சார் கடைசியில் மாட்டியது என்று மச்சான் கேட்டார். ஒரு சாண் ஒயர் என்றார் வயரிங்காரர். ஒரு சாண் ஒயருக்கா அரை நாள் என்று மச்சான் ஆரம்பித்ததும், பெஞ்சைக் கண்ணால் காட்டி மெதுவாகப் பேசச் சொன்னார்.

வேலை முடிந்தும் கால் மணி நேரம் அவர் எழுப்பவில்லை. நர்ஸின் போன்தான் அடித்து எழுப்பியது. யாருக்கோ இதோ வருகிறேன் என்று சொல்லியபடியே சாவியை வாங்கிக்கொண்டு அவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.