கெட்டியாக ஒலித்த இடம்

1

"முன்னாடி பாதி கார், பின்னாடி பாதி லாரி. இதை என்னன்னு சொல்லி நான் —"

"அதான் சொல்றேன், ரெண்டும் இருக்கு. உனக்கும் ஆச்சு, எனக்கும் —"

"எனக்கு ஆச்சுன்னு நீங்க சொல்லாதீங்க. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாங்கன்னு வர்ற வழியெல்லாம் —"

"எதுக்கு? பத்து நிமிஷம் குனிஞ்சு பாத்துட்டுத் தலையை ஆட்டிட்டுப் போறதுக்கா? என் காதுக்குத் தெரியாதது அவன் கண்ணுக்குத் தெரிஞ்சிடுமா?"

"காதால வண்டி வாங்குற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

"காதாலதான் உன்னையும் கட்டிக்கிட்டேன். போன்ல உன் குரல் அவ்வளவு நல்லா இருந்துச்சு."

"அன்னிக்கே நான் ஒரு மெக்கானிக்கோட வந்திருக்கணும்."

எனக்குக் கதை என்றால் முதலில் பேச்சுதான். முகம், வீடு, வெயில் எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். இந்தக் கதையும் அப்படித்தான் வந்தது என்று எழுதியிருந்தேன். அது பாதி உண்மை. இந்தப் பேச்சு எனக்குள் கேட்டதல்ல. சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என் வீட்டு முன்வாசலில் டைல்ஸ் ஒட்டுகிற ஒருவரும் அவர் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்ற வண்டி என்னுடையது. விற்றவள் நான்.

முதல் பிரதியில் இதை மறைத்திருந்தேன். பழைய வண்டிகள் வரிசையாக நிற்கும் ஒரு பெரிய கொட்டகை, அதில் ஒரு தரகர், அவருக்கு ஒரு தங்கப் பல். நான் செய்ததையெல்லாம் அந்த மனிதர் தலையில் கட்டியிருந்தேன். மூன்று பக்கம் எழுதியபிறகு பாவமாக இருந்தது. அவரைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.*

* பல்லை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. வேறு கதையில் பொருத்திக்கொள்ளலாம் என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலிலும் பழைய உதிரிபாகங்கள் உண்டு.

2

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வர்ணனை எனக்கு வராது. அதனால் வாங்கிய அன்று என் கணவர் சொன்னதையே எழுதுகிறேன்.

"முன்னாடி அஞ்சு பேரு ராஜா மாதிரி உட்காரலாம். நாலு கதவு, ஏசி, பாட்டு. பின்னாடி திறந்த தொட்டி. கல்லை ஏத்து, போய்க்கிட்டே இரு. குடும்பத்துக்கும் ஆச்சு, பிழைப்புக்கும் ஆச்சு."

"ரெண்டுக்கும் ஆகிறது ஒண்ணுக்கும் ஆகாம போயிடப் போகுது."

"நல்ல நாள்ல உன் வாயிலிருந்து நல்ல வார்த்தையே வராதா?"

அவர் சமையல் மேடைகளுக்குக் கிரானைட் பலகை பதிப்பவர். பலகையின் கனம் அவர் முதுகுக்குத் தெரியும். வண்டியின் முதுகு அவருக்குத் தெரியவில்லை. எட்டு வருடம் ஏற்றினார். ஒரு நாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து, கைகூடக் கழுவாமல் உட்கார்ந்தார்.

"என்னாச்சு?"

"சேஸிஸ்ல விரிசல். கார் முடிஞ்சு தொட்டி ஆரம்பிக்குது பாரு, சரியா அந்த இடத்துல. ரெண்டு பக்கமும்."

"அப்புறம்?"

"மேல இரும்புப் பட்டை வெச்சுப் பத்த வெச்சாச்சு. கறுப்புப் பெயின்ட் அடிச்சாச்சு."

"சரியாயிடுமில்ல?"

"பாக்கறதுக்குச் சரியாயிடும். நாம ரெண்டு பேரும் போய் வர ஒண்ணும் ஆகாது. சுமையோட ஒரு பள்ளத்துல இறங்கினா நடுவுல மடங்கிடும்னு பட்டறைக்காரன் சொன்னான். இனிமே கல்லு ஏத்தக் கூடாது. அவ்வளவுதான்."

அதன்பிறகு நான்கு வருடம் அவர் வாடகை லாரியில்தான் கல் ஏற்றினார். எங்கள் வண்டியில் நாங்கள் இருவரும் காலித் தொட்டியை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். போன மழைக்கு அவர் போய்விட்டார். வண்டி நின்றது.

சேஸிஸ் என்பது வண்டியின் முதுகெலும்பு. இந்த ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கதையில் வேறு கடினமான சொல் இல்லை. கடினம் வேறு இடத்தில் இருக்கிறது.

3

என் மகன் வெளியூரிலிருந்து போனில் பேசுகிறான். வீட்டைக் காலி செய்துகொண்டு அவனோடு போய்விட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்காதீர்கள். இது வண்டியைப் பற்றிய கதை.

"பட்டை விஷயத்தைச் சொல்லணுமாப்பா?"

"கேட்டா சொல்லுங்கம்மா. கேக்காததுக்கு ஏன் பதில் சொல்றீங்க?"

"கேக்கலைன்னா?"

"வாங்குறவன்தானே பாத்து வாங்கணும். நான் பொய் சொல்லச் சொல்லலையே."

அவன் கெட்ட பிள்ளை இல்லை. இந்த வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். அம்மாவாக எழுதுகிறேனா, கதை எழுதுகிறவளாக எழுதுகிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. இருக்கட்டும்.

4

டைல்ஸ்காரர் வண்டியைப் பார்த்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். என்னால் கற்பனை செய்ய முடியாத விஷயம் இது.

அவர் என்ஜின் மூடியைத் திறக்கவில்லை. டயரை உதைக்கவில்லை. தோளில் தொங்கிய பையிலிருந்து சிமென்ட் பூசுகிற கரணையை எடுத்துத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியால் வண்டியைத் தட்ட ஆரம்பித்தார். ஒட்டிய டைல்ஸைத் தட்டிப் பார்ப்பார்களே, அப்படி. அடியில் கலவை சரியாகப் பிடிக்காத ஓடு டொங்கென்று காலியாகச் சத்தம் போடும். நன்றாகப் பிடித்தது டொக்கென்று அடங்கும். இருபத்திரண்டு வருடமாக அவர் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரே பாஷை அது.

"கதவு, வெறும் தகரம். இப்படித்தான் இருக்கும், விடு. இந்த இடத்துல டிங்கர் வேலை பாத்திருக்காங்க, பெரிய விஷயமில்ல."

"சட்டையெல்லாம் அழுக்கு."

"நீயா துவைக்கிற? மெஷின்தானே துவைக்குது."

"மெஷினே துணியை எடுத்துப் போட்டுக்குதா? மெஷினே காயப் போடுதா?"

அவர் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. டங், டங், டங் என்று முன்னாலிருந்து பின்னால் தட்டிக்கொண்டே போனார். நான் இரண்டு குவளைகளில் தண்ணீரோடு வாசற்படியில் நின்றேன்.

டொக்.

"ஏம்மா, இங்க கேளு! இதைக் கேட்டியா?"

"என்னத்தை?"

"டொக்குனு இருக்கு பாரு. ஒரு துளி காத்துகூட உள்ள இல்ல. காரும் தொட்டியும் சேருற இடம். நான் இதுக்குத்தான் பயந்துக்கிட்டு இருந்தேன். சுமை ஏத்தினா இங்கதான் போகும்பாங்க. இந்த வண்டியிலயே இதுதான் கெட்டியான இடம்!"

மறுபடியும் தட்டினார். டொக், டொக். மறுபக்கம் போய்த் தட்டினார். அங்கேயும் டொக். சந்தோஷத்தில் கால்கள் ஆடின.

பட்டை வைத்த இடத்தில் இரும்பு இரண்டு மடங்கு. அதனால்தான் சத்தம் அடங்கியது. உடைந்த இடத்தை மூடியிருந்த பட்டையைத்தான் அவர் காது உறுதி என்று கேட்டது. ஓட்டிடம் கற்ற பாஷையில் இரும்பிடம் பேசினார். இரும்பும் ஏதோ பதில் சொல்லிவிட்டது.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. நான் வாயைத் திறந்ததாகவும், சரியாக அந்த நேரத்தில் உள்ளே போன் அடித்ததாகவும். போன் அடிக்கவில்லை.)

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஒரு தடவைக்கு எத்தனை பெட்டி ஏத்துவீங்க?"

அடியிலிருந்து குரல் வந்தது. "நாப்பது பெட்டி தாராளமா ஏத்தலாம்மா. மேல நாலு மூட்டை சிமென்ட். காலையில பொண்ணை ஸ்கூல்ல இறக்கி விட்டுட்டு அப்படியே வேலைக்குப் போயிடலாம். இதுவரைக்கும் வாடகை லாரியில நான், பஸ்ஸுல அதுங்க ரெண்டும்."

5

பெண்ணைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. எட்டு வயது இருக்கும். வந்ததும் செருப்பைக் கீழேயே கழற்றி வைத்துவிட்டுப் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தவள், இறங்கவே இல்லை.

"அம்மா, இது என் இடம். யாரும் உட்காரக் கூடாது."

"அப்ப நான் எங்கடி உட்காருவேன்?"

"நீ முன்னாடி. அப்பாகூடச் சண்டை போடணும்ல."

அந்த இருக்கைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளித்தான் பட்டை இருக்கிறது.

அவளை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். பெண் இல்லாத பிரதி ஒன்று எழுதினேன். கதை லேசாக நடந்தது. நானும் லேசாக நடந்தேன். இரண்டு நாளில் அந்தப் பிரதியைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டது. அவளைத் திரும்பவும் கொண்டுவந்து அதே இருக்கையில் உட்கார வைத்தேன். இதை எழுதும்போது என் கை —

வேண்டாம். கையைப் பற்றி எழுத மாட்டேன்.

அவள் அம்மாவுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவளாக வைத்தேன். உள்ளே இருக்கும் விரிசலைப் பார்க்கத் தெரிந்தவள், வண்டியின் விரிசலைப் பார்க்காமல் போகிறாள்! எழுதியதும் என்னையே தட்டிக் கொடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் படித்தபோது கூசியது. உண்மையில் அவள் மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறாள். அவளே சொன்னாள். சீட்டில் உள்ளதுதான் பெட்டிக்குள்ளும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வேலை ஓடுகிறதாம்.

6

முடிவுகள்.

ஒன்று. நான் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ்காரர் வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார்: "நீங்க பயப்படாதீங்கம்மா, என் காது பொய் சொல்லாது." வாங்கிக்கொண்டு போகிறார். இந்த முடிவில் நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன். அதனாலேயே இது பொய் என்று தெரிகிறது.

இரண்டு. சண்டை முற்றி, வாங்காமல் போய்விடுகிறார்கள். வண்டி முன்வாசலிலேயே நிற்கிறது. அதில் — ஜன்னல் வழியாகப் பார்த்தால் அங்கே எண்ணெய்க் கறை மட்டும்தான் இருக்கிறது. இதை எப்படி எழுதுவது?

மூன்று. என் கணவர் வருகிறார்.

"ஏன்டி, நான் நாலு வருஷம் ஒரு கல்லு ஏத்தாம வெச்சிருந்த வண்டி."

"தெரியும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க உடைச்சது. நானா சொல்லணும்?"

"நான் இப்ப இல்லையே."

இத்தோடு அவர் பேச்சு நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் காது கொடுத்தாலும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் முக்கியமான இடத்தில் எழுந்து போய்விடுவார்.

நான்கு. மழை விட்ட காலை. ஸ்கூலுக்குப் போகும் இறக்கம். தொட்டியில் நாற்பது பெட்டி, நாலு மூட்டை. முன்னிருக்கையில் அவர்கள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பின்னிருக்கையில் செருப்பைக் கழற்றிவிட்டு அவள், சாலையில் தண்ணீர் தேங்கிய அந்தப்

7

"இதென்னம்மா கதை? போன் போட்டுச் சொல்ல வேண்டியதுதானே?"

இது நீங்கள். படிக்கிறவர்களின் குரலும் எனக்குக் கேட்கும்.

"நம்பர் இருக்கா, இல்லையா?"

இருக்கிறது. வண்டி விற்றதற்கு எழுதிய தாளின் கீழே அவரே எழுதிக் கொடுத்தார்.

"அப்புறம் என்ன?"

கதையை முடித்துவிட்டுப் பேசலாம் என்று இருக்கிறேன்.

"கதை எப்ப முடியும்?"

வண்டி போய் இன்றோடு மூன்று வாரம். தினமும் காலையில் எழுதுகிறேன், மதியம் அடிக்கிறேன். என் கதைகள் எதற்கும் இத்தனை நாள் ஆனதில்லை. முடித்துவிட்டால் போனை எடுக்க வேண்டும். ஒருவேளை அந்தப் பக்கம் யாரும் எடுக்காவிட்டால்? எடுத்து, "நல்லா ஓடுதும்மா" என்று சொல்லிவிட்டால்? இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று எழுதிப் பார்த்தேன். எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.

உங்களுக்கு இன்னும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. அதைக் கடைசிவரை தள்ளிப் போட்டேன். 'யாரும் கேட்கவில்லை' என்று கதையை முடித்திருந்தால் என் மகனுக்கும் எனக்கும் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் கேட்டாள்.

டைல்ஸ்காரர் என்ஜின் மூடியின் மேல் தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி தண்ணீர்க் குவளைகளைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் வந்தாள். ஜன்னல் கதவை மெதுவாகச் சாத்தினாள். வெளியே கத்திக்கொண்டிருந்தவள் உள்ளே குரலைத் தணித்துப் பேசினாள்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். அதற்கான இடத்தை விட்டுவைக்கிறேன். அவள் நின்ற இடத்தில் அவளை நிற்க வைக்கிறேன். நான் நின்ற இடத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். எதிரே அடுப்பு, இடது பக்கம் என் கணவர் பதித்த கல்மேடை. கையில் ஈரக் குவளைகள்.

"அவர் காதை நான் நம்பலைம்மா. கட்டிக்கிட்ட நாளா நம்பினதில்ல. இத்தனை வருஷம் வெச்சிருந்தவங்க நீங்க. நாப்பது பெட்டியைப் பின்னாடி ஏத்திட்டு, என் பொண்ணை நடுவுல உட்கார வெச்சு அனுப்பலாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."