அந்தப் பொத்தானை அழுத்தியது நான்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் குற்ற உணர்ச்சி. முதல் வரைவில் பொத்தானை ஹீதர் அழுத்தியதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

பசிபிக் தீவான சமோவாவின் தென்கரையில் இருந்த எங்கள் ஊரைப் பேரலை வாரிக்கொண்டு போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மிஞ்சியவர்கள் மேட்டில் குடியேறிவிட்டோம். போனவர்களின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. துக்கம் ஆற மூச்சுப் பயிற்சி சொல்லித்தர நியூசிலாந்திலிருந்து ஹீதர் வந்தாள். பள்ளி ஆசிரியனான நான் மொழிபெயர்ப்பாளன்.

2

கரையில் இடியாமல் நின்ற தேவாலயக் கூடம். பாய்களில் நாற்பது பேர். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னாள் ஹீதர்.

"கவனிக்கலேன்னா நின்னுடுமா?" என்றாள் மாத்தலேனா. ரொட்டி சுட்டு விற்பவள், வாய் அதிகம். கூடமே சிரித்தது.

மனம் இளக ஏதோ ஓசை வைத்திருப்பதாகச் சொல்லி, ஹீதர் எனக்குக் கண்காட்டினாள். ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தினேன்.

அலைச் சத்தம்.

(இங்கே ஓர் உவமை இருந்தது. ஓடியவர்களுக்கு அது உதவவில்லை. எடுத்துவிட்டேன்.)

பத்து எண்ணுவதற்குள் கூடம் காலி. நான் ஒரு கிழவரைத் தாங்கிப் பிடித்தபடி... இல்லை. தனியாகத்தான் ஓடினேன். மாத்தலேனாதான் ஹீதரின் மணிக்கட்டைப் பிடித்து, கல்லும் முள்ளும் பாராமல், மேட்டுச் சேம்பங்கொல்லை வரை இழுத்துக்கொண்டு ஏறினாள்.

3

மேலே நின்று பார்த்தபோதுதான் கடல் வழக்கம்போல் கிடப்பது தெரிந்தது. ஹீதர் அழுதாள். "மன்னிச்சிடுங்க... நான் யோசிக்கவே இல்ல."

"அழுவாதீங்க. மூச்சைக் கவனிங்க," என்றாள் மாத்தலேனா, மூச்சிரைக்க. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அவள் மட்டும் பிடியை விடவில்லை.

"விடு மாத்தலேனா. அலை வரலே," என்றேன்.

"அன்னைக்கு விட்டுட்டேனே. லூப்பேவோட கை... சின்னக் கை. வழுக்கிடுச்சு."

அவள் மகளின் பெயர் மூன்று வருடத்தில் வெளியே வந்தது அப்போதுதான். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "என் தம்பி, தவீத்தா." இன்னொன்று: "எங்கம்மா, சியெனி."

இப்போது வியாழன்தோறும் அங்கே கூடுகிறோம். கண்ணைத் திறந்தபடி, கடலைப் பார்த்தபடி. ஒரு பெயர், நாலு மூச்சு, அடுத்த பெயர். (ஆறிவிட்டதா என்று கேட்காதீர்கள். சிலருக்குத் தூக்கம் வருகிறது. முன்பு அதுவும் இல்லை.)

4

முதல் முடிவு: மாத்தலேனா கடலில் இறங்கிக் கால் நனைக்கிறாள். அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"உன் கதை முடியணும்னு நான் எறங்கணுமா? ஏன் வாத்தியாரே, உனக்குக் கால் இல்லையா?"

இரண்டாம் முடிவு: வாத்தியார் இறங்குகி—

இல்லை. மூன்று முறை மணல் வரை போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்போ அப்படியே விடு," என்றாள். "படிக்கறவங்க ஊர்ல கடல் இல்லையா? அவங்க யாராச்சும் எறங்கட்டும்."

இந்த வரியோடு எழுந்தேன், நாலாவது முறை போய்ப் பார்க்கலாம் என்று. வாசல் வரை போய்த் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். உங்கள் கரையில் இப்போது அலை எப்படி இருக்கிறது?