நாயகியின் பங்கு மீன்

எழுத்தாளர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நான்கு நாற்காலி. ஒன்றில் எழுத்தாளர், ஒன்றில் பதிப்பாளர், ஒன்றில் விமர்சகர். நான்காவதில், பெண்ணின் துயரைப் பேசும் எழுத்தாளரின் புதிய நாவல் கட்டுக்கட்டாகச் சட்டமாய் உட்கார்ந்திருந்தது. எழுத்தாளரின் மனைவி கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

வறுத்த மீன் நான்கு துண்டு. ஆளுக்கொன்று என்பது அவள் போட்ட கணக்கு. பதிப்பாளர் ஒன்றை முடித்திருந்தார்; விமர்சகரோ எழுத்தாளரின் பங்கையும் சேர்த்து இரண்டை முடித்துவிட்டார். மிஞ்சிய ஒன்றின் மேல்தான், காலையிலிருந்து அடுப்படியில் வெந்தவளுக்குக் கண். விமர்சகரின் கண்ணும் அங்கேயே மேய்ந்தது.

எழுத்தாளர் இடது கையால் தாளைப் புரட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அவள் ஜன்னலருகே போய் நின்றாள். நிலவு அவள் கண்ணீரை வெள்ளியாக்கியது."

"அடடா!" என்றார் விமர்சகர், வாய் நிறையச் சோறோடு. "பரம்பரை பரம்பரையா பொம்பளைய ஒதுக்கி வச்ச கொடுமை, ரெண்டே வரியில! அண்ணி, இன்னும் கொஞ்சம் குழம்பு."

அவள் ஊற்றினாள். "ஏங்க, அவ சாப்பிட்டாளா?"

"யாரு?"

"உங்க கதாநாயகிதான். ஒரு மாசமா வாசிச்சுக் காட்டுறீங்க. ஆக்கிக் கொட்டுறா, ஆக்கிக் கொட்டுறா, ஒரு வாய் தின்னதா நீங்க எழுதவே இல்லையே."

பதிப்பாளர் சிரித்தார். "சோகக் கதையில சாப்பாட்டுக்கு ஏது அண்ணி இடம்?"

"அழுறதுக்கும் தெம்பு வேணும்ல தம்பி?"

எழுத்தாளருக்குச் சுருக்கென்றது. "உனக்கு இலக்கியம் புரியாது. அவ பசி ஒரு குறியீடு."

"குறியீடோ கொடமிளகாயோ, எனக்குப் பசிக்குது."

விமர்சகரின் கை மீனை நோக்கி நகர்ந்தது. அவள் முந்திக்கொண்டாள். மீனை எடுத்துத் தன் தட்டில் போட்டாள். நாவலைத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பெண் விடுதலைக்கு நானூறு பக்கம் ஒதுக்கியவர்கள், ஒரு நாற்காலி போனதும் ஃப்ரிட்ஜ் மேலிருந்த நாவலை அண்ணாந்து பார்த்தார்கள்.

"எனக்குச் சோறு..." என்று இழுத்தார் எழுத்தாளர். நாயகியின் நெஞ்சின் ஆழம் வரை இறங்கிப் பார்த்த மனிதர், சொந்தச் சமையலறைக்குள் இறங்கியதில்லை.

"பானை அடுப்பு மேல இருக்கு. வரும்போது எனக்கும் ரெண்டு கரண்டி கொண்டாங்க," என்றாள் அவள், முள்ளை எடுத்தபடி.

வேறு வழியில்லாமல் எழுந்தவர், பாதியில் நின்று விமர்சகரைக் கேட்டார்: "இத நாவல்ல சேர்த்துக்கலாமா?"

"வேணாங்க," என்றார் விமர்சகர், காலியான மீன் தட்டைப் பார்த்தபடி. "யதார்த்தமா இல்ல."