லொரெட்டா ஓடவிட்ட ஹீட்டர்

"காத்தைப் பாக்காதே, தண்ணியைப் பாத்து உடுத்து" என்பது துடுப்புப் படகுக்காரர்களின் வேதம். வெர்னன் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பவன். ஜனவரியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் முழுக்க உறைந்து கிடந்தாலும் அனல்மின் நிலையம் வெந்நீரைக் கொட்டுகிற இந்த ஏரி உறையாது. தண்ணீர்தான் இளஞ்சூடாக இருக்கிறதே என்று மெல்லிய சட்டையோடு வந்துவிட்டான். பள்ளிப் பேருந்து ஓட்டும் அவன் மனைவி லொரெட்டா கழுத்துவரை இறுகிய நீர்புகா உடையில் நின்றாள்.

"என்ன, நிலாவுக்குக் கிளம்பிட்டியா?"

"சிரி, நல்லா சிரி. வண்டியில ஹீட்டரை ஓடவிட்டுட்டுத்தான் வரேன்."

"பெட்ரோலுக்குப் பிடிச்ச கேடு!"

ஆளுக்கொரு படகில் கிளம்பினார்கள். நடு ஏரியில் ஆவி மண்டிக் கரையே மறைந்துவிட்டது. மிதந்துவந்த காட்டு வாத்துகளைப் படமெடுக்கச் சாய்ந்தான் வெர்னன். படகு கவிழ்ந்தது. வழிகாட்டிக்கொண்டிருந்த கைபேசி ஏரிக்கு அடியில் போயிற்று.

தலையை வெளியே நீட்டியதுமே முடி விறைத்தது. பதறியடித்துப் படகில் தொற்றப் பார்த்தான்.

"ஏறாதே! ஈரத்தோட இந்தக் காத்துல உக்காந்தா வெறைச்சே செத்துப்போவே. கழுத்துவரைக்கும் முங்கியே இரு. உன் படகு கெடக்கட்டும், என் படகோட வாலைப் பிடி."

"கரை எந்தப் பக்கம்னே தெரியலையே, லொரெட்டா!"

பனிப்புயலில் நாற்பது பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்க்கிறவள் அவள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நாம எறங்கின துறை வெந்நீர் வாய்க்காலுக்குப் பக்கத்துல. நீதான் தண்ணிக்குள்ள இருக்கியே. சூடு ஏறுதா எறங்குதான்னு சொல்லிக்கிட்டே வா."

துடுப்புப் போட்டாள்.

"இப்போ?"

"ஆறுது."

படகைத் திருப்பினாள். "இப்போ?"

"அப்படியேதான் இருக்கு... இல்ல, ஏறுது! சூடு ஏறுது!"

கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டிய நேரத்தில் காலில் துறையின் சிமெண்டுத் தரை தட்டியது. வண்டிக்குப் பதினைந்து அடிதான். அதற்குள் சட்டை பலகையாகிவிட்டது. லொரெட்டா அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே அடுப்படிபோல் அனல்.

வெர்னனுக்கு அழுகை வந்தது. இருபத்தெட்டு வருஷம் இவளோடு குடும்பம் நடத்தியும் இவள் இத்தனை பெரிய ஆள் என்று தெரியாமல் போயிற்றே!

லொரெட்டா சாவியில் கை வைத்தாள். "அணைச்சிடவா? பெட்ரோல் வீணாப் போகுதே."

விறைத்த இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம், தாயே!"