பட்டை

மேயருக்கான பட்டையைத் தோளில் அணிந்து சவப்பெட்டிக்குப் பின்னால் மாதா கோயிலுக்குள் நுழையும்போது, மழையில் தொப்பியைக் கழற்றியபடி வாசலுக்கு வெளியே ரெஜிஸ் நின்றிருப்பதை ஒடில் பார்த்தாள். யார் செத்தாலும் அவர் அங்கேதான் நிற்பார், படி ஏறமாட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊர் மன்றத்தில் எதிர்வரிசை. போன வருடம் ஊர் மன்றக் கூடத்தில் வைத்த கிறிஸ்துமஸ் குடிலை, அரசு இடத்தில் மதம் கூடாது என்று புகார் எழுதி எடுக்கவைத்தவர்.

"என்ன மேயரம்மா, பட்டையோடவா? சாமிக்கும் ஓட்டுரிமை குடுத்தாச்சா?" என்றார் தணிந்த குரலில்.

ஒடில் பெட்டியின் பின்னாலேயே நடந்தாள். பெட்டியில் கிடப்பது அவள் அண்ணன் ஃபிர்மான். முப்பது வருடம் இந்த ஊரின் சாலைப் பணியாளன். நேற்று அண்ணி மரிவோன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "நீ மேயரா வரணும். வெறும் நாத்தனாரா வந்தா பத்தாது."

தோளில் மூவர்ணப் பட்டை இருக்கும்வரை அவள் அரசு. மதம் சாராத அரசு, கோயிலில் உட்காரலாம், எழுந்து நிற்கலாம். சிலுவைக் குறி போடக் கூடாது. பூசை முழுவதும் கைகளை மடியில் அழுத்தி வைத்திருந்தாள். அண்ணனுக்குப் பிடித்த பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் பெட்டிமேல் புனித நீர் தெளிக்கும் முறை வந்தது. மரிவோன் தெளித்துவிட்டு, தெளிக்கும் கோலை அவளிடம் நீட்டினாள். ஈரமான பித்தளை. ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு, அண்ணன் மகளிடம் கொடுத்தாள். மரிவோனின் முகம் சுருங்கியது.

வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. ஒடில் அதன் ஓரமாகவே நடந்து வெளியே வந்தாள். பட்டையைக் கழற்றி இரண்டாக மடித்தாள். வைக்க ஓர் இடமில்லை. எல்லா இடமும் நனைந்திருந்தது.

"கொஞ்சம் பிடிங்க," என்றாள் ரெஜிஸிடம்.

அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பல வருடம் ஞாயிறுதோறும் ஃபிர்மானோடு சீட்டாடிய கை.

"எனக்காக ஒரு சொட்டும் தெளிச்சுடாதீங்க."

"தெளிக்கமாட்டேன்."

வரிசையின் கடைசி ஆளாகப் போய் நின்றாள். முறை வந்தபோது கோலை நனைத்து மெதுவாகத் தெளித்தாள். சிலுவைக் குறி போட்டாள்.

திரும்பியபோது திறந்த கதவு வழியே மழை தெரிந்தது. ரெஜிஸ் அதே இடத்தில் வெறுந்தலையோடு நனைந்துகொண்டிருந்தார். தொப்பியை மார்போடு கவிழ்த்துப் பிடித்திருந்தார். அதன் விளிம்புக்குக் கீழே, நனையாமல், பட்டையின் பொன்குஞ்சம் தொங்கியது.