வயர்லெஸ் அணையும் வரை

எண்பத்து மூன்றில் பெய்த ஐப்பசி மழையில் போடிமெட்டு ரோட்டில் பாறைகள் சரிந்து விழுந்தன. வெடிவைத்துத் தகர்த்து வழி உண்டாக்கும் வேலைக்கு ராசிங்காபுரத்திலிருந்து போன கூட்டத்தில் அன்னக்கொடியும் அவள் புருசன் அழகுமலையும் இருந்தார்கள். அவள் கல் சுமந்தாள். அவன் பாறையில் போட்ட குழிகளில் வெடிமருந்து நிரப்பி, அதில் கேப்பைச் செருகி வயர் இணைத்தான். வயரில் மின்சாரம் பாய்ந்தால் கேப்பு வெடிக்கும், அதோடு பாறையும் வெடிக்கும்.

வேலை தொடங்கிய அன்று வெடிமருந்து கம்பெனி ஆள் ஒருவர் வந்து எல்லோரையும் கூட்டி எச்சரித்திருந்தார். ஜீப்பில் இருக்கும் வயர்லெஸ்ஸில் பேசினால் அலை கிளம்பும். கேப்பு வயர் அதை ஏரியல் மாதிரி இழுத்துக்கொண்டால், யாரும் சுவிட்சைத் தொடாமலே வெடித்துவிடக்கூடும். ஆகவே வயர் இணைக்கும் நேரத்தில் வயர்லெஸ் பெட்டியை அணைத்துவிட்டு, ஜீப்பை வளைவுக்கு அப்பால் நிறுத்தவேண்டும். சூப்பர்வைசர் ஜக்கையன் தலையாட்டினார். முதல் வாரம் அப்படியே செய்யவும் செய்தார்.

பிறகு அவசரம் வந்தது. ஏலக்காய் லோடு ஏற்றிய லாரிகள் மேலே வரிசையாக நின்றன. கீழே போடி ஆபீசிலிருந்து, வழி எப்போது திறக்கும் என்று வயர்லெஸ்ஸில் ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் ஜக்கையன் ஜீப்பைப் பாறைக்குப் பக்கத்திலேயே கொண்டுவரச் சொன்னார்.

தட்டுக்கூடையோடு திரும்பிய அன்னக்கொடி அதைப் பார்த்தாள். மேலே அழகுமலை குனிந்து வயரை முறுக்கிக்கொண்டிருந்தான். கீழே ஜீப்பில் உட்கார்ந்து ஜக்கையன் வயர்லெஸ் மைக்கை எடுத்துக்கொண்டிருந்தார். கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஜீப்பின் கதவைப் பிடித்தாள்.

"பேசாதீங்க சார். அவுக வயரு கட்டுறாக."

"நான் எங்க பேசுறேன், அவங்க சொல்றதக் கேட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன். போய் ஒன் சோலியப் பாரு."

அவள் நகரவில்லை. மேலே பார்த்து, வயரை வைத்துவிட்டு இறங்கி வரும்படி புருசனைக் கூப்பிட்டாள். அவன் தயங்கினான். இந்த ஆளைப் பகைத்தால் பிழைப்பு போய்விடும் என்று முந்தின நாள்கூட அவளிடம் சொல்லியிருந்தான். அவள் மறுபடியும் கூப்பிட்டாள். அவன் வயரை மெல்லக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தான்.

வேலை நின்றது. மற்றப் பெண்களும் கூடைகளை இறக்கி ரோட்டிலேயே உட்கார்ந்தார்கள். மேலேயிருந்து லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நாளையிலிருந்து அவளுக்கு வேலை கிடையாது என்று ஜக்கையன் கத்தினார்.

"நாளைக்கு வேலை இல்லேன்னா அத நாளைக்குப் பாத்துக்கிறேன்," என்றாள் அன்னக்கொடி. "இப்ப அந்தப் பொட்டிய அமத்துங்க."

ஜக்கையன் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் சுருளி கையை நீட்டி வயர்லெஸ்ஸை அணைத்தான். யாரையும் கேட்காமல் வண்டியைப் பின்னால் எடுத்து, ஜக்கையனையும் உட்காரவைத்தபடியே வளைவைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினான். அதன் பிறகுதான் அழகுமலை மறுபடி மேலே ஏறினான்.

சாயங்காலம் பாறை வெடித்துச் சரிந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஜக்கையன் அவளிடம் வந்து, ஒன்றுமே ஆகவில்லையே, எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டார்.

"அமத்தி வச்சதுனாலதான் சார் ஒண்ணும் ஆகல."

மறுநாள் காலையில் ஊர் முக்கில் ஜீப்பு வந்து நின்றதும் அன்னக்கொடிதான் முதலில் ஏறினாள். இறங்கச் சொன்னார் ஜக்கையன். அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். அழகுமலை ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் இறங்கினால் தானும் கேப்பைத் தொடமாட்டேன் என்று நிதானமாகச் சொன்னான். வேறு வெடிக்காரன் அந்த வட்டாரத்தில் இல்லை என்பது ஜக்கையனுக்கும் தெரியும். மற்றப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். சுருளி வண்டியைக் கிளப்பினான். ஜக்கையன் அவனையும் முறைத்துவிட்டு, முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.