ஐந்துக்கு மூன்று

“சொட்டு நின்னு போச்சு பாருங்க, அந்தக் குழாயைக் கொஞ்சம் தட்டுங்க,” என்றாள் நர்ஸ். மகன் எட்டித் தட்டினான். பாட்டிலுக்குக் கீழே ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, விழுந்தது.

கட்டிலில் கிடந்த அப்பா முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவர். நாலு நாளாக ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. காலையில் வீட்டுக்கு வந்த டாக்டர் மகனை வாசல் வரை கூட்டிப் போய், “இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம்,” என்று சொல்லிவிட்டார்.

ஆக, அவனுக்கு மிச்சம் இருந்தது ஒரு பகல்தான். அதற்குள் அப்பாவிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழு மாதமாக நெஞ்சில் முள்ளாக நிற்கிற விஷயம்.

அந்த விஷயம் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றது, பச்சைப் பசேலென்று. மாமரம். அது போனால் அங்கே தன் வாடகை வேனை நிறுத்தலாம் என்பது அவன் கணக்கு. தெருவில் நிறுத்தி இரண்டு தரம் பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. வெட்டலாமா என்று கேட்டதற்கு அப்பா, “என்னைத் தூக்கிட்டுப் போனப்புறம் வெட்டிக்கோ,” என்றார். இவனுக்கு வந்ததே பொல்லாத கோபம்! அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, உளியை எடுத்து, அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குப் பட்டையை உரித்துவிட்டான்.

எல்லாம் அப்பா நடத்திய பாடம்தான். வேர் உறிஞ்சும் தண்ணீர் கட்டைக்குள் மேலே ஏறும். இலை சமைக்கும் சாப்பாடு பட்டை வழியாகக் கீழே இறங்கும். பட்டையை உரித்தால் இலை பச்சையாகவே இருக்கும், வேர் பட்டினியில் சாகும். ஆறு மாதத்தில் மரம் தானாகப் பட்டுப்போன மாதிரி ஆகிவிடும். பத்தாம் வகுப்பில் இந்தக் கேள்விக்குத்தான், சொந்தப் பிள்ளை என்றும் பார்க்காமல், அப்பா அவனுக்குச் சிவப்பு மையில் ஐந்துக்குச் சுழி போட்டார்.

உரித்த இடத்தில் சாக்கைச் சுற்றிக் கட்டி, “கரையான் மருந்து அடிச்சிருக்கேன், யாரும் தொடாதீங்க,” என்று சொல்லி வைத்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே அவனுக்குக் கூசியது. மரமோ சாகிற வழியைக் காணோம். அப்பாதான் படுத்துவிட்டார்.

“ட்ரிப்ஸ் நல்லா ஏறுது ஐயா. சாயங்காலம் எழுந்து உக்காருவீங்க பாருங்க,” என்றாள் நர்ஸ்.

அப்பா கண்ணைத் திறந்தார். “தண்ணி ஏறுறது பெரிசில்லம்மா. சாப்பாடு இறங்கணும்.” மூச்சு வாங்கினார். “வேர் பட்டினி கெடந்தா மரம் எத்தனை நாள் நிக்கும்? கேளு அவனை.”

மகன் குழாயை மறுபடி தட்டினான்.

“என்னடா, நடத்தினேனா இல்லையா?”

“நடத்தினீங்கப்பா.”

“ஞாபகம் இருக்கா?”

“இருக்குப்பா.” அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “அப்பா, நான் வந்து...”

அப்பா அவனையே பார்த்தார். ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். நர்ஸும் திரும்பினாள்.

“நான் வந்து... டாக்டருக்கு போன் பண்ணிட்டு வந்துடறேன்.”

“சரி, போ,” என்றார் அப்பா.

வாசலில் நின்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். கோழைப் பயலே, நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டு சொல்லேன், என்ன குடி முழுகிப் போகிறது? மனதைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளே வந்தபோது அம்மாவின் கை அப்பாவின் உதட்டருகே அசையாமல் நின்றிருந்தது. பாட்டிலில் சொட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. நர்ஸ் குழாயை மூடினாள்.

மறுநாள் சுடுகாட்டில் அப்பாவை அனுப்பிவிட்டு எல்லோரும் வீடு திரும்பினார்கள். அம்மாவின் தம்பிக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. மரத்தடி நாற்காலியிலிருந்து எழுந்து, “என்ன மாப்ள, மரத்துக்குப் பாவாடை கட்டி விட்டிருக்கே?” என்று சாக்கைப் பிடித்தார்.

“தொடாதீங்க மாமா! மருந்து!”

அவன் போட்ட கத்தலில் நாலு பேர் திரும்பினார்கள்.

“நீயே அவுத்துடுடா,” என்றாள் அம்மா, படியில் உட்கார்ந்தபடி. “காயம் ஆறியிருக்கும்.”

அவன் மரத்தடியில் குந்தினான். கயிற்றில் இருந்தது அவன் போட்ட முடிச்சே இல்லை. அவிழ்த்ததும் சாக்கு சரிந்தது.

அவன் உரித்த இடம் காய்ந்து கறுத்திருந்தது. அதைத் தாண்டி, கீழ்ப் பட்டையிலிருந்து மேல் பட்டைக்கு, விரல் கனத்தில் ஐந்து மாங்குச்சிகள். இரண்டு முனைகளையும் பட்டைக்குள் செருகி, அப்பாவின் கால் புண்ணுக்கு வாங்கிய கட்டுத்துணியால் இறுக்கி, மெழுகு பூசியிருந்தது. இரண்டு குச்சிகள் சருகாகிவிட்டன. மூன்று பருத்திருந்தன. ஒன்றில் வெளிச்சம் காணாத ஒரு தளிர்.

“அடுத்த வாரமே பார்த்துட்டார்,” என்றாள் அம்மா. “ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அப்புறம், சாப்பாடு இறங்கப் பாலம் போடணும்னு, என்னைக் குச்சியைப் பிடிச்சுக்கச் சொல்லி அவரே கட்டினார்.”

“ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு இருந்தார்டா.”

ஒரு குச்சியில் சின்ன அட்டை ஒன்று தொங்கியது. சிவப்பு மையில் தேதியும், அதன் கீழே வட்டம் போட்டு 3/5 என்றும் அப்பாவின் எழுத்து. அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

“இனிமே வெட்டிட்டு வேனை உள்ள விட்டுக்கலாம்ல மாப்ள?” என்றார் மாமா.

அவன் சாக்கை மடித்துப் படியில் வைத்தான். சாவியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், வேனை இன்னும் கொஞ்சம் ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணாடியை உள்பக்கமாக மடக்கி வைத்தான்.